"கியர் விழ மாட்டேங்குது!" வாரண்டி கையில் இருந்தும் கைக்காசு போவது ஏன்?

விருதுநகர்:

புதுக் கார் வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 9 ஆயிரம் கிலோ மீட்டர் கூட ஓடவில்லை. ஒருநாள் காலை வண்டியைக் கிளப்பினால் முதல் கியர் விழ மறுக்கிறது. ரிவர்ஸ் போட்டால் "கர்ர்..." என்று சத்தம். அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்க்கிறார்கள்.

ஷோரூமுக்குப் போன் போகிறது. வண்டியைக் கட்டி இழுத்துப் போகிறார்கள். மாலையில் பதில் வருகிறது.

"சார், கிளட்ச் பிளேட் தேஞ்சு போச்சு. அது வாரண்டியில வராது. எஸ்டிமேட் அனுப்பியிருக்கோம், ஓ.கே. சொன்னீங்கன்னா வேலையை ஆரம்பிச்சிருவோம்."

"என்னங்க இது அநியாயம்? வண்டி புதுசு!"

"நீங்க ஓட்டுன விதம் அப்படி சார்!"

அவ்வளவுதான். மாதத் தவணை கட்டிக்கொண்டிருக்கும் மனிதர் வாயடைத்துப் போகிறார். வண்டி இல்லாமல் பிழைப்பு ஓடாது. பணத்தைக் கட்டி வண்டியை எடுத்து வந்துவிடுகிறார். வாரண்டி புத்தகம் டேஷ்போர்டு பெட்டிக்குள் பத்திரமாகத் தூங்குகிறது.

இப்படிப் பணம் கட்டியவர்கள் எல்லோரும் ஏமாந்தவர்கள் என்று சொல்ல முடியாது. ஷோரூம்காரர் சொல்வது சில நேரம் உண்மை. சில நேரம் பாதி உண்மை. எது முழு உண்மை, எது பாதி உண்மை என்று தெரிந்துகொள்ளாததால்தான் கைக்காசு போகிறது.

கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. எந்தச் சாமான் கெட்டது? அது ஏன் கெட்டது? கவுண்டரில் முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்வார்கள். பணம் யார் தலையில் விழும் என்பதை முடிவு செய்வது இரண்டாவது கேள்வி!

நம்ம ஊர் ரோடும் இடது காலும்

விருதுநகர், சாத்தூர் வழியாகப் போகும் நான்கு வழிச் சாலையில் ஐந்தாவது கியரில் போட்டால் எடுக்க வேண்டியதில்லை. கிளட்சுக்கு ஓய்வுதான். ஊருக்குள் வந்தால் கதை வேறு. விருதுநகர் பஜாரில் பருப்பு மூட்டையும் வத்தல் மூட்டையும் இறக்கும் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போக வேண்டும். சிவகாசியில் ரெயில்வே கேட் மூடினால் வரிசை. தீபாவளி நெருங்கினால் வெளியூர்க் கார்கள் பட்டாசு வாங்கக் குவிந்து விடும். வருட முடிவு வந்தால் காலண்டர், டைரி லோடு.

இந்த நெரிசலில் வண்டி அடி அடியாக நகரும். டிரைவரின் இடது கால் பெடலிலேயே கிடக்கும். பாதி மிதித்து, பாதி விட்டு ஓட்டுவார்கள். இதைத்தான் பட்டறைகளில் "ஹாஃப் கிளட்ச்" என்கிறார்கள். கிளட்ச் பிளேட்டுக்கு எமன் இதுதான்.

ஆகவே "ஓட்டுன விதம்" என்று ஷோரூமில் சொன்னால் அதை ஒரேயடியாகப் பொய் என்று தள்ளிவிடக் கூடாது. ஆனால் அதையே வேதவாக்காக எடுத்துக்கொண்டு பணத்தை எண்ணி வைக்கவும் கூடாது.

பெடலுக்குக் கீழே என்ன நடக்கிறது?

என்ஜின் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சக்கரம் சில நேரம் சுற்ற வேண்டும், சில நேரம் நிற்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தரகர்தான் கிளட்ச். என்ஜினோடு சுற்றும் கனமான சக்கரம் பிளைவீல். அதோடு கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிப்பது பிரஷர் பிளேட். பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் போய் அழுத்தி, இந்தப் பிடியை விடுவிக்கிறது. அந்த நேரத்தில் கியரை மாற்றுகிறோம்.

கியர் பாக்சுக்குள் பல் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்றுகின்றன. வேகம் ஒத்துப் போகாமல் பல்லோடு பல் மோதினால் சத்தம் வரும். பழைய லாரி டிரைவர்கள் ஒரு கியருக்கு இரண்டு முறை கிளட்சை மிதிப்பார்கள். "டபுள் கிளட்ச்" என்று பெயர். வேகத்தை ஒத்துப் போக வைக்கும் வித்தை அது. அந்த வேலையைத் தானே செய்யும் சாமானை 1928-ம் ஆண்டு அமெரிக்காவில் காடிலாக் காரில் முதன்முதலாகப் பொருத்தினார்கள். "சின்க்ரோமெஷ்" என்பார்கள். நம் மெக்கானிக்குகள் வாயில் அது "சின்க்ரோ ரிங்". இன்று ஓடும் எல்லாக் கியர் கார்களிலும் இது உண்டு.

இவ்வளவு சாமான்களில் ஓட ஓடத் தேய்வதற்கென்றே இருப்பது கிளட்ச் பிளேட். செருப்பின் அடிப்பாகம் மாதிரி. சின்க்ரோ ரிங்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். ஆனால் பல ஆண்டு உழைக்க வேண்டிய சாமான் அது. கியரும், கியர் பாக்ஸ் பேரிங்கும் சில மாதத்தில் போகக் கூடாதவை. வாரண்டித் தகராறு முழுவதும் இந்த ஒரு வித்தியாசத்தில்தான் சுற்றுகிறது.

நோய் எது? நீங்களே பாருங்கள்!

ஷோரூமுக்குப் போகும் முன்பு ஐந்து நிமிடம் செலவழித்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கை பிரேக் போட்டுவிட்டுப் பாருங்கள்.

என்ஜினை நிறுத்திவிட்டு, கிளட்சை மிதித்து கியர் போட்டால் சுகமாக விழுகிறது. என்ஜின் ஓடும்போது மட்டும் விழ மறுக்கிறது. அப்படியானால் கிளட்ச் முழுதாக விடவில்லை. கேபிள், ஆயில் சிலிண்டர், பிரஷர் பிளேட் இவற்றில் ஒன்றின் மேல் சந்தேகம்.

என்ஜின் நின்றிருந்தாலும் கியர் முரண்டு பிடிக்கிறது. அப்படியானால் கியர் ராடிலிருந்து பாக்சுக்குப் போகும் கேபிள் அல்லது இணைப்பில் கோளாறு. இல்லையென்றால் பாக்சுக்குள்ளேயே கோளாறு.

ஆக்சிலேட்டரை அழுத்தினால் என்ஜின் கத்துகிறது, வண்டி இழுக்கவில்லை, கருகல் வாடை வருகிறது. கிளட்ச் நழுவுகிறது என்று அர்த்தம்.

இரண்டாவது கியரோ மூன்றாவது கியரோ, குறிப்பிட்ட ஒரு கியரில் மட்டும் "கர்ர்" சத்தம். அந்தக் கியரின் சின்க்ரோ ரிங் மேல் சந்தேகம்.

போட்ட கியர் ஓடும்போது தானாக நியூட்ரலுக்கு வந்து விழுகிறது. இது ஆபத்து. கியரைப் பிடித்து வைக்கும் பூட்டு, கியரின் பக்கப் பற்கள், கியர் பாக்ஸ் மவுண்டிங் இவற்றைப் பார்க்க வேண்டும்.

கிளட்சை மிதித்தால் சத்தம் வருகிறது, விட்டால் நிற்கிறது. ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் காலை எடுத்தால் சத்தம், மிதித்தால் நிற்கிறது. கியர் பாக்சுக்குள் இருக்கும் பேரிங்.

இதைத் தெரிந்துகொண்டு போவதில் ஒரு லாபம் உண்டு. "கியர் டைட்டா இருக்கு" என்று மொட்டையாகச் சொன்னால் அப்படியே எழுதிக்கொண்டு, பெடலைச் சரிசெய்து திருப்பி அனுப்பிவிடுவார்கள். "என்ஜின் ஓடும்போது முதல் கியரும் ரிவர்சும் விழலை, ஆஃப் பண்ணினா விழுது" என்று சொன்னால் கவுண்டரில் இருப்பவரும் நிமிர்ந்து உட்காருவார்!

வாரண்டி புத்தகம் என்ன சொல்கிறது?

வாரண்டி என்பது "வண்டி கெட்டால் சும்மா பார்த்துத் தருவோம்" என்ற வாக்குறுதி இல்லை. சாமானின் தரத்திலோ, செய்த வேலையிலோ குறை இருந்தால் அந்தச் சாமானை ரிப்பேர் செய்து தருவோம், அல்லது மாற்றித் தருவோம் என்பதுதான் வாக்குறுதி. அதற்குக் காலக் கெடு உண்டு, கிலோ மீட்டர் கெடுவும் உண்டு. இரண்டில் எது முந்துகிறதோ அதோடு சரி.

கெடு எவ்வளவு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வாங்கிய தேதிக்குத் தகுந்தும் மாறும். உதாரணமாக, மாருதி சுசுகி நிறுவனம் 2 ஆண்டு அல்லது 40 ஆயிரம் கி.மீ. என்று இருந்த கெடுவை, 2024-ம் ஆண்டு ஜூலை 9-ந் தேதிக்குப் பிறகு டெலிவரி ஆன கார்களுக்கு 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கி.மீ. என்று உயர்த்தியது. அண்ணன் தம்பி இருவர் ஒரே மாடல் கார் வைத்திருப்பார்கள். ஒருவருக்கு வாரண்டி இருக்கும், மற்றவருக்கு இருக்காது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை நம்பாமல் உங்கள் புத்தகத்தைப் புரட்டுங்கள்.

அதே புத்தகத்தில் "தேய்மானச் சாமான்கள் அடங்காது" என்றும் ஒரு பட்டியல் இருக்கும். பிரேக் பேட், வைப்பர் ரப்பர், பில்டர், அவற்றோடு கிளட்ச் பிளேட். ஷோரூம்காரர் விரல் வைத்துக் காட்டும் வரி இதுதான்.

அங்கேதான் நீங்கள் இரண்டாவது கேள்வியைக் கேட்க வேண்டும். பிளேட் ஏன் தேய்ந்தது?

என்ஜினின் பின்பக்க ஆயில் சீல் ஒழுகி, பிளேட்டில் எண்ணெய் இறங்கியிருந்தால் அது நழுவித் தேயத்தான் செய்யும். சிலிண்டர் சரியாகத் திரும்பாமல் கிளட்ச் எப்போதும் பாதி மிதித்த நிலையிலேயே நின்றிருந்தாலும் தேயும். பிரஷர் பிளேட்டின் பிடி குறைந்தாலும் தேயும். இதில் டிரைவர் செய்த தப்பு என்ன? முதல் கோளாறு வாரண்டியில் வரும் சாமானில் இருந்தால், அதனால் வந்த சேதத்துக்கும் பொறுப்புக் கேட்க உங்களுக்கு நியாயம் உண்டு.

மாறாக, பிளைவீல் முகம் நீலம் பாரித்துக் கருகியிருக்கிறது, சீல் எல்லாம் காய்ந்து சுத்தமாக இருக்கிறது, சிலிண்டர் நன்றாக வேலை செய்கிறது என்றால், இடது காலைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஆக, கழற்றிய சாமானைக் கண்ணால் பார்க்காமல் எஸ்டிமேட்டுக்கு ஓ.கே. சொல்லக் கூடாது. "கழற்றினதும் கூப்பிடுங்க, நான் வந்து பார்க்கணும்" என்று முதலிலேயே எழுதிக் கொடுங்கள். பிளேட், பிளைவீல், பிரஷர் பிளேட், ஆயில் சீல் இருக்கும் இடம், நான்கையும் போட்டோ எடுங்கள். எல்லோர் கையிலும்தான் போன் இருக்கிறதே! காசு கொடுத்து மாற்றினால் பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். நாளைக்கு அதுதான் சாட்சி.

"வெளியில கை வெச்சிட்டீங்களே!"

இன்னொரு வசனம் உண்டு. "வெளிப் பட்டறையில கை வெச்சிட்டீங்க. வாரண்டி மொத்தமும் போச்சு."

சாத்தூர் தாண்டி நடு ரோட்டில் வண்டி நிற்கிறது. ஷோரூம் தூரம். கூப்பிடு தூரத்தில் பட்டறை. "அண்ணாச்சி, கேபிள் விட்டிருச்சு. மாட்டி விடுறேன், ஊர் போய்ச் சேருங்க" என்கிறார் மெக்கானிக். மாட்டியும் விடுகிறார். அதனால் வாரண்டி முழுக்கப் போய்விடுமா?

இந்தக் கேள்விக்கு டெல்லியில் பதில் கிடைத்திருக்கிறது. கார் கம்பெனிகள் உதிரிப் பாகங்களை வெளிச் சந்தையில் கிடைக்கவிடாமல் செய்கின்றன, வெளி மெக்கானிக்குகளின் பிழைப்பைத் தடுக்கின்றன என்று 2011-ல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் ஒரு புகார் போனது. விசாரணை 14 கம்பெனிகள் வரை நீண்டது. 2014-ம் ஆண்டு ஆகஸ்டு 25-ந் தேதி உத்தரவு வந்தது. மொத்த அபராதம் சுமார் ரூ.2,544 கோடி!

அபராதத்தை விட முக்கியமானது அந்த உத்தரவில் இருக்கும் இன்னொரு விஷயம். வெளி மெக்கானிக்கிடம் போனார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை மொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றது ஆணையம். வெளியில் செய்த தவறான வேலையால் என்ன சேதம் வந்ததோ, அந்த அளவுக்கு மட்டும்தான் வாரண்டியை மறுக்கலாம்.

கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. மேல்முறையீடு, ஐகோர்ட்டு என்று போனார்கள். 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மூன்று கம்பெனிகளின் வழக்கில் அபராதத்தைக் குறைத்தது. ஆனால் அவர்கள் செய்தது தவறு என்ற முடிவை மாற்றவில்லை.

இதை வைத்து, வாரண்டி காலத்திலேயே கியர் பாக்சை வெளியில் இறக்கிப் பிரித்து விடாதீர்கள். அப்புறம் எந்தப் பல் யாரால் உடைந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. சண்டையில் உங்கள் பக்கம் பலவீனமாகிவிடும். அவசரத்துக்குக் கேபிள் மாட்டியது வேறு, பாக்சைப் பிரித்து மேய்ந்தது வேறு. எதைச் செய்தாலும் பட்டறையில் ஒரு பில் வாங்கிக்கொள்ளுங்கள்.

காலக் கெடுப்படி சர்வீஸ் செய்யாமல் விட்டாலும், டிக்கியிலும் பின் சீட்டிலும் காலண்டர் கட்டுகளை அளவு மீறி அடுக்கி ஓட்டினாலும், அதைக் காட்டி மறுக்க இடம் கொடுத்தவர்கள் ஆவீர்கள்.

புதுக் கார் தருவார்களா?

"கியர் பாக்ஸ் போச்சு. எனக்குப் புதுக் காரே வேணும்!" என்று பலர் நிற்பார்கள். கோர்ட்டு என்ன சொல்கிறது?

மாருதி உத்யோக் நிறுவனம் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் 2006-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு கூறியது. வாரண்டியில் எழுதியிருப்பது குறையுள்ள சாமானை ரிப்பேர் செய்வதும் மாற்றித் தருவதும்தான். சில பாகங்களில் குறை என்பதற்காக முழுக் காரையும் மாற்றித் தரச் சொல்வது சரியில்லை என்பது அந்தத் தீர்ப்பு.

அதோடு கதவு அடைபட்டுவிட்டதா? இல்லை. பியட் கார் வாங்கிய ஒருவர் தொடுத்த வழக்கில் 2010 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு வேறு வழி காட்டியது. சம்பந்தம் இல்லாத ஒரு தொழில்நுட்ப நிபுணர் காரைச் சோதிக்கட்டும். தயாரிப்பிலேயே குறை இருக்கிறது என்று அவர் சொன்னால், காரின் விலையை 12 சதவீத வட்டியோடு திருப்பிக் கொடுங்கள் என்று உத்தரவிட்டது.

இரண்டு தீர்ப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். ஒரு சாமான் கெட்டால் அந்தச் சாமான் கிடைக்கும். வண்டியின் பிறப்பிலேயே கோளாறு என்று நிபுணர் எழுதிக் கொடுத்தால் பணமே திரும்பக் கிடைக்கலாம். "எனக்குத் தோணுது" என்பது செல்லாது. நிபுணர் அறிக்கை இல்லாமல் போய் நின்று தோற்றுத் திரும்பியவர்கள் பலர்.

இன்னொரு வழக்கு. 2011 மாடல் கார் என்று பணம் கட்டியவருக்கு, 622 கிலோ மீட்டர் ஓடிய 2009 மாடலைத் தந்த டீலர் பற்றிய விவகாரம் அது. டீலர் செய்தது தெரியாமல் இருந்தால் கம்பெனியைப் பொறுப்பாக்க முடியாது என்று 2021 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. அந்தக் கம்பெனி டாட்டா மோட்டார்ஸ். நமக்கு இதில் பாடம் இரண்டு. டெலிவரி எடுக்கும் அன்றே தயாரிப்பு மாதத்தையும் மீட்டரையும் பாருங்கள். வழக்குப் போட்டால் டீலர், கம்பெனி இரண்டு பேரையும் சேருங்கள். யார் மேல் என்ன புகார் என்று தனித்தனியாக எழுதுங்கள்.

டிராவல்ஸ் வண்டிக்கும் உண்டா?

சொந்தக் காருக்குச் சரி. மஞ்சள் போர்டு வைத்து டிராவல்ஸ் ஓட்டுகிறவர், லோடு வண்டி ஓட்டுகிறவர் கதி என்ன? "வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை" என்று எதிர்த்தரப்பு வக்கீல் முதல் வார்த்தையிலேயே ஆட்சேபம் கிளப்புவார்.

இதற்கு 1995-லேயே சுப்ரீம் கோர்ட்டு விளக்கம் சொல்லியிருக்கிறது. கோவை பி.எஸ்.ஜி. நிறுவனம் செய்து கொடுத்த ஒரு எந்திரம் பற்றிய வழக்கு அது. தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ ரிக்ஷா வாங்கியவர் நுகர்வோர்தான், தானே ஓட்டிப் பிழைக்க லாரி வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று அந்தத் தீர்ப்பில் உதாரணமே கொடுத்தார்கள். சுயதொழில் செய்து பிழைப்பவருக்குச் சட்டத்திலும் பாதுகாப்பு இருக்கிறது. பத்து வண்டி வாங்கி ஆள் வைத்து ஓட்டும் முதலாளிக்குத்தான் இந்தக் கதவு மூடியிருக்கிறது.

பட்டாசு ஆலை, அச்சகம், தீப்பெட்டிக் கம்பெனி பெயரில் வாங்கிய காருக்கு? 2024-ம் ஆண்டு ஜூலை 9-ந் தேதி வந்த தீர்ப்பைப் பாருங்கள். ஒரு கம்பெனி தன் டைரக்டர்களின் உபயோகத்துக்கு பென்ஸ் கார் வாங்கியது. காரின் நடுவில், இரண்டு சீட்டுக்கும் இடையில் மேடாக இருக்கும் பகுதி தாங்க முடியாமல் சூடாகிறது என்பது புகார். "கம்பெனி வாங்கியது, ஆகவே வியாபாரம்" என்றது எதிர்த்தரப்பு. சுப்ரீம் கோர்ட்டு ஏற்கவில்லை. கம்பெனி பெயரில் வாங்கியதாலேயே வியாபார நோக்கம் ஆகிவிடாது. லாபம் சம்பாதிக்கும் வேலையோடு அந்தக் காருக்கு நேரடித் தொடர்பு உண்டா என்று பார்க்க வேண்டும் என்றது.

துண்டுச் சீட்டு இல்லை, துருப்புச் சீட்டு!

வண்டியை விடும்போது ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். ஜாப் கார்டு. பலர் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். இந்தத் தாள்தான் பின்னால் கோர்ட்டில் பேசும்.

நீங்கள் சொன்ன கோளாறு நீங்கள் சொன்ன வார்த்தையிலேயே அதில் இருக்கிறதா என்று பாருங்கள். "ஜெனரல் செக்கப்" என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். தேதியும் கிலோ மீட்டரும் இருக்க வேண்டும். ஒரே கோளாறுக்கு நான்கு முறை போனால் நான்கு ஜாப் கார்டும் வேண்டும். நான்காவது கார்டு கையில் இருந்தால், "இப்பத்தான் முதல் தடவை சொல்றாரு" என்று யாரும் சொல்ல முடியாது.

வாரண்டி முடிய ஒரு வாரம் இருக்கும்போது கோளாறு தெரிந்தால், அன்றே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். "அடுத்த மாசம் சர்வீசுக்கு வர்றப்போ பாத்துக்கலாம் சார்" என்ற பேச்சை நம்பி ஏமாறாதீர்கள். அடுத்த மாதம் வாரண்டி இருக்காது! மறுத்தால், மறுத்த காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாயால் மறுப்பவர்கள் எழுத்தில் கேட்டால் ஒருமுறை யோசிப்பார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கதவு

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முதலில் வந்தது 1986-ல். அதற்குப் பதிலாக வந்த 2019-ம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை 20-ந் தேதி அமலுக்கு வந்தது. விருதுநகர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது.

புதிய சட்டத்தில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு பெரிய வசதி. காரை மதுரையில் வாங்கியிருக்கலாம், சென்னையில் வாங்கியிருக்கலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். சிவகாசிக்காரர் சென்னைக்கு அலைய வேண்டாம். சென்னை டீலர்தான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து பதில் சொல்ல வேண்டும்!

கொடுத்த விலை ரூ.50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்திலேயே முடியும். கட்டணம் ரூ.5 லட்சம் வரை ஒன்றும் இல்லை. 10 லட்சம் வரை ரூ.200. 20 லட்சம் வரை ரூ.400. 50 லட்சம் வரை ரூ.1,000. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, நீங்களே பேசலாம்.

காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். ஷோரூமுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தால் அந்தக் கெடு நீளாது. தாமதத்துக்கு நியாயமான காரணம் காட்டினால் ஆணையம் மன்னிக்கலாம். அதை நம்பி இருக்கக் கூடாது.

புகாரோடு சேர்த்து, காரை நிபுணர் சோதிக்க வேண்டும் என்றும் மனுப் போடுங்கள். அதற்கான செலவை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். மேலே சொன்ன 2010 தீர்ப்பு நினைவிருக்கட்டும்.

எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும். மேலும் 15 நாள் அவகாசம் தரலாம். அதற்கு மேல் ஒருநாள் கூடக் கிடையாது என்று 2020 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் பெஞ்சு அடித்துச் சொல்லியிருக்கிறது. 3 மாதத்தில், சோதனை தேவைப்பட்டால் 5 மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் இழுத்துக்கொண்டு போகும் வழக்குகளும் உண்டு. பொறுமை வேண்டும்.

தீர்ப்பு வந்த பிறகும் பணம் தராமல் டிமிக்கி கொடுத்தால்? ஒரு மாதத்துக்குக் குறையாமல் 3 ஆண்டு வரை ஜெயில், அல்லது ரூ.25 ஆயிரத்துக்குக் குறையாமல் 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மேல்முறையீடு செய்வதென்றால் 45 நாளுக்குள் செய்ய வேண்டும். கட்டச் சொன்ன தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் வர முடியும்.

வழக்குக்கு முன்னால் ஒரு போன் செய்து பார்ப்பதும் நல்லது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். கம்பெனியின் தலைமை ஆபீசுக்கு உங்கள் புகார் போகும். பல தகராறுகள் அங்கேயே தீர்ந்துவிடுகின்றன.

கியர் முரண்டு பிடித்த அன்றே ஜாப் கார்டில் ஏற்றுங்கள். கழற்றும்போது கூட நில்லுங்கள். "ஏன் தேஞ்சது?" என்று கேளுங்கள். எழுத்தில் பதில் வாங்குங்கள். பதில் சரியில்லை என்றால் அந்தத் தாள்களை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்சில் ஏறுங்கள்.

அதுவரை நெரிசலில் இடது காலைப் பெடலில் இருந்து எடுத்துக் கீழே வையுங்கள். வண்டி நின்றால் நியூட்ரல். இதற்கு வாரண்டியும் வேண்டாம், வக்கீலும் வேண்டாம்.